கையில் குச்சி வைத்து நாலரை வருடம்

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். பிள்ளைகள் இரண்டு. மூத்தவனுக்குப் பிறகு கருத்தடை ஊசி, சின்னவளுக்குப் பிறகு கையில் கருத்தடைக் குச்சி.

கிளினிக் போகிற நாளென்றால் எங்களுக்குப் பேர் இல்லை, அன்றைய சம்பளம் போய்விடும். ஊசிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போயாகவேண்டும். ஒரு வருடத்தில் மாதவிலக்கு நின்றே போனது. கெட்ட ரத்தம் வயிற்றில் தேங்குகிறது என்று மாமி பயமுறுத்தினார். கர்ப்பப்பையின் உள்சவ்வு தடிக்காமல் மெலிந்தே இருப்பதால் வெளியேறவும் ஒன்றுமில்லை, தேங்கவும் ஒன்றுமில்லை என்று மிட்வைஃப் விளக்கிய பிறகுதான் நிம்மதி. எடை ஐந்து கிலோ ஏறியது. அதைவிடப் பெரிய வில்லங்கம், பிள்ளைக்காக நிறுத்திய பிறகும் தங்கவில்லை. கடைசி ஊசி போட்டுப் பதினொரு மாதம் ஆனது. "ஊசி போட்டே வயித்த வறள வச்சிட்டா" என்று எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்கப் பேச்சு. நிறுத்தினால் சராசரியாகப் பத்து மாதம் பிடிக்கும் என்று முதலிலேயே தெரிந்திருந்தால் அவ்வளவு அழுதிருக்க மாட்டேன். சீக்கிரம் இன்னொரு பிள்ளை வேண்டும் என்பவர்களுக்கு ஊசி சரிவராது.

சின்னவளுக்கு அப்புறம் குச்சி, அதன் பேர் ஜடேல். தீக்குச்சி அளவில் இரண்டு, உள்ளே லெவோநோர்ஜெஸ்ட்ரல் ஹோர்மோன், ஐந்து வருடத்துக்குப் போதும். அரச கிளினிக்கில் இலவசம். அதிகம் வேலை செய்யாத கையில் வைப்போம், எந்தக் கை என்று டாக்டர் கேட்டார். "கொழுந்துக்கு ரெண்டு கையுந்தான் டாக்டர்" என்றேன். சிரித்துவிட்டு இடது கையில், மேல்கையின் உட்பக்கம், மரத்துப்போக ஊசி போட்டு வைத்தார். இப்போதும் தடவினால் இரண்டும் தோலுக்கடியில் உருளும்.

முதல் எட்டு மாதம்தான் சோதனை. நாள் கணக்கில்லாமல் சொட்டுச் சொட்டாக ரத்தம் படும். மலையில் கக்கூஸ் கிடையாது. கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் சுற்றுகிற படங்குக்குள்ளே இரட்டைத் துணி வைத்துக்கொண்டு பத்து மணித் தேத்தண்ணி வரைக்கும் பல்லைக் கடித்திருக்கிறேன். கழற்றிவிடுங்கள் என்று போனபோது ஐந்து நாளைக்கு இபுபுரோஃபென் தந்தார்கள், ஓரளவு அடங்கியது. ஒன்பதாம் மாதத்திலிருந்து தொந்தரவு இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா வலிப்புக்கு மாத்திரை போடுகிறவர். அந்த மாத்திரை குச்சியின் வேலையைக் குறைத்துவிடுமாம், அதனால் அவருக்கு ஊசிதான். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கும் இதே கதை. மார்புப் புற்றுநோய் வந்தவர்களுக்கு ஊசியும் ஆகாது, குச்சியும் ஆகாது. கிளினிக்கில் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். அம்மா காலத்தில், 1980களில், கருத்தடை ஒப்பரேசன் செய்துகொண்டால் அரசாங்கம் காசு கொடுத்தது. அம்மாவிடம் எது பொருந்தும் என்று யாரும் கேட்டதில்லை.

வருகிற மார்ச்சில் ஐந்து வருடம் முடிகிறது. கழற்றுகிற அன்றே புதிது வைக்கலாமாம். வைப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அந்த எட்டு மாதம் மறுபடியும் வருமா என்று மட்டும் போய்க் கேட்கவேண்டும்.