குன்னூரில் தைராய்டு பரிசோதனை: நான் விடாமல் போகும் ஒரு சிறிய ஆய்வகம்

குன்னூர் பெட்ஃபோர்டு பகுதியில், மருந்துக் கடைக்கு மேல் மாடியில் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனை நிலையம் இருக்கிறது. தைராய்டு சுரப்புக் குறைவுக்கு மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து அங்கேதான் ரத்தம் கொடுக்கிறேன். நான் வேலை பார்ப்பது கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில், வீடும் அங்கேதான். பக்கத்திலேயே வேறு ஆய்வகங்கள் இருந்தும் பஸ் ஏறிப் போகிறேன் என்றால் அதற்குக் காரணம் உண்டு.

மலையில் இந்த நோய் எளிதில் கண்ணில் படுவதில்லை. குளிர் தாங்கவில்லை, தோல் வறண்டு வெடிக்கிறது, காலையில் எழவே முடியவில்லை என்றால், நீலகிரியில் யாரும் பனியைத்தான் குற்றம் சொல்வார்கள். மே மாத வெயிலிலும் நான் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை என்று கவனித்தவர் என் நாத்தனார். அவர்தான் மருத்துவரிடம் அழைத்துப் போனார்.

மருத்துவர் டிஎஸ்ஹெச், எஃப்டி4 என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளை எழுதிக் கொடுத்தார். முதலில் போன வேறோர் ஆய்வகத்தில், "இதுதான் பேக்கேஜ்" என்று டி3, டி4, டிஎஸ்ஹெச் எடுத்துக் கொடுத்தார்கள். டி3, டி4 இரண்டும் தைராய்டு சுரக்கும் ஹார்மோன்கள். ரத்தத்தில் டி4 பெரும்பகுதி புரதத்தோடு ஒட்டிக்கொண்டுதான் சுற்றுகிறது. உடல் பயன்படுத்துவது ஒட்டாமல் இருக்கும் சிறு பகுதியை. அதை அளப்பதுதான் எஃப்டி4. கர்ப்பத்திலும் கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் அந்தப் புரதம் கூடுவதால் மொத்த டி4 உயர்ந்து தெரியும். மருத்துவர் கேட்டது ஒன்று, கையில் வந்தது இன்னொன்று. அந்தத் தாளில் டிஎஸ்ஹெச் 14.2 என்று தடித்த எழுத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

அதைப் பார்த்து அலுவலகத்தில் எல்லாரும் "தைராய்டு கூடிவிட்டது" என்றார்கள். கூடியது தைராய்டு அல்ல. டிஎஸ்ஹெச் சுரப்பது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. கொழுந்து குறைந்தால் தோட்டத்து மேஸ்திரி குரலை உயர்த்துவதுபோல, தைராய்டு மந்தமானால் பிட்யூட்டரி டிஎஸ்ஹெச்சை உயர்த்துகிறது. ஆகவே எண் ஏறினால் தைராய்டு சரியாக வேலை செய்யவில்லை என்றே பெரும்பாலும் பொருள். பெரியவர்களுக்குப் பொதுவாக 0.4 முதல் 4 அல்லது 4.5 வரை இயல்பான அளவாகக் கொள்கிறார்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும்.

குன்னூர் ஆய்வகத்தின் அருமை இங்கேதான் தெரிந்தது. சீட்டில் எழுதியிருப்பதை மட்டும் எடுக்கிறார்கள். எஃப்டி4 தனியாகக் கேட்டால் முகம் சுளிப்பதில்லை. எனக்கு அது குறைவாகவே வந்தது, ஆகவே சந்தேகத்துக்கு இடமில்லை. நாத்தனாரும் அங்கேயே பார்த்தார்: டிஎஸ்ஹெச் 6.1, எஃப்டி4 இயல்பு. மருத்துவர் அவருக்கு மாத்திரை தரவில்லை; சில மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம் என்றார். லேசான ஏற்றம் தானாகவே இறங்கிவிடுவதும் உண்டாம். 10-ஐத் தாண்டினாலோ, கர்ப்பமாக இருந்தாலோ, அறிகுறிகள் வலுவாக இருந்தாலோ முடிவு மாறும். ஒரே எண்ணைப் பார்த்து யாரும் பயந்துவிடக் கூடாது, யாரும் தானாக மாத்திரை வாங்கிவிடவும் கூடாது.

ரத்தம் எடுக்கும் பெண் ஊசியைத் தொடுமுன் கேட்கும் கேள்விகள் எனக்கு மிகவும் பிடிக்கும். "இன்றைக்கு மாத்திரை போட்டீர்களா அக்கா? முடி கொட்டுவதற்கு ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" முடி மாத்திரைகளில் இருக்கும் பயோட்டின் சில கருவிகளில் முடிவையே திரித்துவிடும், டிஎஸ்ஹெச் குறைந்தும் எஃப்டி4 கூடியும் காட்டும். குறைந்தது இரண்டு நாளாவது அதை நிறுத்திவிட்டு வரச் சொல்கிறார். தைராய்டு மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடச் சொல்கிறார்.

ரிப்போர்ட்டில் பழைய அளவுகளையும் பக்கத்திலேயே அச்சடிக்கிறார்கள். மாத்திரை தொடங்கிய பிறகு அளவு எப்படி இறங்கியது என்று நானே பார்க்க முடிகிறது. ஒரே ஆய்வகம், ஒரே கருவி என்பதால் அந்த ஒப்பீட்டை நம்பவும் முடிகிறது.

இன்னொரு காட்சியையும் சொல்லவேண்டும். டோஸ் மாற்றி மூன்று வாரம்கூட ஆகாத ஒரு பெரியவர் வந்தார். "ஐயா, ஆறு வாரம் ஆகட்டும். அவசரம் என்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்" என்று பணம் வாங்காமல் திருப்பி அனுப்பினார் அந்தப் பெண். தைராய்டு மாத்திரையில் இருக்கும் மருந்தான லெவோதைராக்ஸின் உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஏழு நாள் ஆகிறது. புதிய அளவு நிலைபெற்று, பிட்யூட்டரியும் அடங்க ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும். அதற்கு முன் எடுக்கும் ரத்தம் வீண் செலவு. வருகிற வாடிக்கையாளரை இப்படித் திருப்பி அனுப்ப எத்தனை கடைகளுக்கு மனம் வரும்?

மாத்திரையைப் பற்றி மருத்துவர் சொன்னதைக் கீழே மருந்துக் கடைக்காரரும் அப்படியே சொன்னார்: வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, டீயோ பாலோ குடிக்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் விடவேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி. கண் விழித்ததும் டீ என்று பழகிய ஊரில் இது லேசான காரியம் இல்லை. நான் தலைமாட்டிலேயே தண்ணீர்ச் செம்பு வைத்துக்கொள்கிறேன். மழைக்காலத்து ஈரம் புகாமல் புட்டியை இறுக மூடிவைக்கவேண்டும். மாத்திரை தயாரிக்கும் நிறுவனம் மாறினால் மருத்துவரிடம் சொல்லவேண்டும். 50 மைக்ரோகிராமில் தொடங்கி இப்போது 75-இல் நிற்கிறேன், டிஎஸ்ஹெச் 2.8.

குறைகளும் இருக்கின்றன. படி செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கடினம். உட்கார நான்கே நாற்காலிகள். தைராய்டைத் தாக்கும் எதிர்ப்புப் பொருளுக்கான ஆன்டி-டிபிஓ சோதனைக்கு ரத்தம் கோயம்புத்தூர் போகிறது. மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் முடிவு தாமதமாகும். எனக்கு ஆன்டி-டிபிஓ ஒரு முறை பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. திரும்பத் திரும்ப எடுக்கத் தேவையில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலத்தில் இருப்பதுதான் என் பெரிய வருத்தம். தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, யாராவது படித்துச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருப்பதைப் பார்க்கிறேன். தமிழில் அரைப் பக்கம் சேர்த்தால் போதும். கேட்டிருக்கிறேன், செய்கிறோம் என்றிருக்கிறார்கள்.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள். டிஎஸ்ஹெச் நாளின் நேரத்துக்கு ஏற்ப ஏறி இறங்குவதால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே நேரத்தில் கொடுப்பது நல்லது. மருத்துவரின் சீட்டையும் முந்தைய ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள். வேறு இடத்தில் எடுத்த பழைய அளவையும் கேட்டால் குறித்துக்கொள்கிறார்கள்.