"ஸ்கேலபிள் ஓப்பன் சோர்ஸ் மெயில்" என்று யாராவது கொட்டேஷன் நீட்டினால், கையெழுத்துக்கு முன் இதைப் படியுங்கள்

திருப்பூர், கோவை பக்கம் சின்ன, நடுத்தரக் கம்பெனிகளுக்கு ஐடி வேலை பார்ப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் பார்க்கும் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றுக்கு ஒரு ஹோஸ்டிங்காரர் மெயில் சேவை விற்றார். வக்கீல் நோட்டீஸ் போயிருப்பதால் பெயர் போடவில்லை. இன்பாக்ஸில் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

கொட்டேஷனில் இருந்தது "ஸ்கேலபிள் கிளஸ்டர், தினசரி பேக்கப்". அதாவது ஆட்கள் கூடக் கூட வளரக்கூடிய, பல சர்வர்கள் சேர்ந்த அமைப்பு. இன்வாய்ஸில் "யூசர் லைசென்ஸ்" என்று தலைக்கு மாதம் ஒரு தொகை. வந்து இறங்கியது மெயிலை அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸ், அதைப் பெட்டியில் வைத்துத் தரும் டவ்காட்டின் இலவசப் பதிப்பு, முன்னால் பிரவுசரில் மெயில் படிக்க ரவுண்ட்கியூப், அதுவும் அவர்கள் லோகோவோடு. இந்த மூன்றுக்கும் தலைக்கணக்கில் லைசென்ஸ் கட்டணமே கிடையாது. சர்வரைப் பராமரிக்க, ராத்திரி போன் எடுக்க எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கட்டும், அது உழைப்புக்குக் கூலி. லைசென்ஸ் என்று பில் போடுவது பச்சைப் பொய்.

அதைக்கூடப் பொறுத்திருக்கலாம். ஷிப்மெண்ட் நேரத்தில் ஜெர்மனி பையருக்கு அனுப்பிய பேக்கிங் லிஸ்ட் 550 எர்ரரோடு திரும்பியது. அடுத்தடுத்து எல்லாம் திரும்பின. "எங்க சைடுல எல்லாம் கரெக்ட்டா இருக்கு சார், அவங்க சர்வர்லதான் பிராப்ளம்" என்றார் சப்போர்ட் தம்பி. திரும்பி வந்த மெயிலிலேயே காரணம் எழுதியிருந்தது: எங்கள் சர்வரின் ஐபி முகவரி, குப்பை மெயில் அனுப்பும் ஐபிகளைத் தொகுக்கும் ஸ்பாம்ஹாஸ் பட்டியலில். அதே ஐபியில் வேறு ஒரு வாடிக்கையாளரின் கணக்கிலிருந்து குப்பை மெயில் கொட்டியிருக்கிறது. எங்கள் பணத்துக்குக் கிடைத்த கிளஸ்டர், பத்துப் பேரோடு பங்கு போட்ட ஒற்றை விபிஎஸ் (ஒரே மெஷினைப் பிரித்துத் தரும் மெய்நிகர் சர்வர்). தனி ஐபி வேண்டுமென்றால் எக்ஸ்ட்ராவாம்!

அந்த ஐபி எந்த சர்வருடையது என்று பெயர் காட்டும் ரிவர்ஸ் டிஎன்எஸ்கூட ஒழுங்காக இல்லை. மெயில் அந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் டிகிம் என்ற டிஜிட்டல் கையெழுத்தும் இல்லை. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோருக்குமே ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸும், எஸ்பிஎஃப் (டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்) அல்லது டிகிம் இரண்டில் ஒன்றும் கட்டாயம். ஒரு நாளைக்கு 5000 மெயிலுக்கு மேல் போனால் இரண்டும் வேண்டும், கூடவே டிமார்க்கும் (சோதனையில் தேறாத மெயிலை என்ன செய்வது என்ற அறிவிப்பு). மெயில் தொழில் செய்கிறவர்கள் இதைத் தெரியாமலா இருப்பார்கள்?

ஓப்பன் சோர்ஸைக் குறை சொல்லவில்லை. போஸ்ட்ஃபிக்ஸ் 1998-லிருந்து, டவ்காட் 2002-லிருந்து உலகம் முழுக்க ஓடுகின்றன, பெரிய ஹோஸ்டிங்காரர்களும் இவற்றை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். அவர்கள் வேலையைப் பிரித்துவிடுவார்கள். வெளியிலிருந்து மெயில் வாங்க ஒரு வரிசை சர்வர், ஸ்பாம் வடிகட்ட ஆர்ஸ்பாம்டி தனியாக, வெளியே அனுப்ப வேறு ஐபிகள், பெட்டிகள் இருக்கும் ஸ்டோரேஜ் சர்வர்கள் பின்னால், முன்னால், வருகிறவரை அவரவர் சர்வருக்குத் திருப்பிவிட ஒரு ப்ராக்சி. யாருடைய பெட்டி எந்த சர்வரில் என்று டேட்டாபேஸோ எல்டாப் என்ற பயனர் பட்டியலோ சொல்லும். ஆட்கள் கூடினால் பின்னால் இன்னொரு சர்வரைச் சேர்த்தால் போதும், யாரும் பாஸ்வேர்டுகூட மாற்ற வேண்டாம். எங்களுக்கு இடம் பற்றாமல் போனபோது இவர்கள் சொன்னது: "சனிக்கிழமை நைட் டவுன் பண்ணி மாத்திடுறோம் சார்." திங்கள் மதியம்தான் மெயில் வந்தது.

அதனால் "கிளஸ்டர்" என்று சொன்னால் எதில் கட்டியது என்று கேளுங்கள். டவ்காட்டின் இலவசப் பதிப்பில் 2.4-லிருந்து, ஒருவரை எப்போதும் ஒரே சர்வருக்கு அனுப்பும் டைரக்டரும் இல்லை, இரண்டு சர்வர்களில் பெட்டிகளை ஒன்றுபோல் வைக்கும் ரெப்ளிகேட்டரும் இல்லை. அவற்றை நம்பியிருந்தவர் இப்போது என்ன செய்கிறார் என்று சொல்லத் தெரிய வேண்டும். எங்கள் ஹோஸ்டிங்காரருக்குக் கேள்வியே புரியவில்லை.

ரவுண்ட்கியூபில் "அபவுட்" என்று ஒரு பட்டன் உண்டு, அதைத் தட்டினால் பதிப்பு எண் தெரியும். எங்களுடையது 1.4. உள்ளே லாகின் ஆன ஒருவர் சர்வரையே கைப்பற்றக்கூடிய ஓட்டையை 2025 ஜூனில் 1.6.11, 1.5.10 பதிப்புகளில் அடைத்தார்கள். 1.4-க்கு ரவுண்ட்கியூப் தரப்பிலிருந்து எதுவும் வரவில்லை.

பேக்கப் கதை தனி. மெர்ச்சண்டைசிங் பெண் ஒருவர் பழைய ஃபோல்டரைத் தவறுதலாக அழித்துவிட்டார். மீட்டுக் கேட்டால் இரண்டு நாள் இழுத்தடித்துவிட்டு "இல்லை" என்றார்கள். ராத்திரிதோறும் இன்னொரு டிஸ்க்குக்கு அப்படியே நகல் எடுத்திருக்கிறார்கள், இங்கே அழித்தது அன்றிரவே அங்கேயும் அழிந்துவிட்டது. இதற்குப் பேர் பேக்கப்பா? பணம் கட்டும் முன், போன வாரத் தேதி ஒன்றைச் சொல்லி ஒரு பெட்டியை மீட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

வெளியேறப் போகிறோம் என்றதும் டொமைனின் டிஎன்எஸ் அமைப்புகளை மாற்றும் கண்ட்ரோல் பேனலைத் தர மறுத்தார்கள். நல்லவேளை, டொமைன் பதிவு எங்கள் ஏற்றுமதி நிறுவனத்தின் பெயரில், எங்கள் கணக்கில் இருந்தது. நேம்சர்வரை மாற்றி, மெயில் பெட்டிகளை நகலெடுக்கும் ஐமேப்சிங்க் என்ற கருவியை வைத்துப் பெட்டி பெட்டியாக இழுத்துக்கொண்டோம். டொமைனும் அவர்கள் பெயரில் இருந்திருந்தால் பையர்களுக்குப் புது முகவரி கொடுத்திருக்க வேண்டியதுதான்.

மீதி மாதங்களுக்குக் கட்டிய முன்பணம் இன்னும் வரவில்லை. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா என்று வக்கீலிடம் கேட்டேன். வணிக நோக்கத்துக்கு வாங்கிய சேவை, 2019 சட்டப்படி நீங்கள் நுகர்வோர் கிடையாது, சிவில் வழக்குத்தான் என்றார். இடையில் நிறுத்தினால் மீதிப் பணம் எத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்று எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. உங்களுடையதில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.