கார்த்தோர்னா, லாமெரியா? என் ஓட்டு இரண்டுக்கும் நடுவில்

லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், ஜார்ஜ் கார்த்தோர்ன் 1681இல் செய்த வெள்ளி காபி பாட் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் செய்தவற்றுள் இன்று மிஞ்சியிருப்பதில் இதுதான் மூத்தது என்பார்கள். மேலே போகப்போகக் குறுகும் உடல், தொப்பி மாதிரி மூடி, நேரான மூக்கு. உடலில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம். அவ்வளவுதான்.

இன்னொரு கோடியில் பால் டி லாமெரி 1738இல் செய்தது. பிரான்சிலிருந்து வெளியேறிய ஹியூகெனாட் புராட்டஸ்டண்ட் குடும்பம் அவருடையது. ஹாலந்தில் பிறந்து, கைக்குழந்தையாக லண்டன் வந்தவர். அந்தக் காபி பாட்டைச் செய்யச் சொன்ன சர் ஜான் லெக்வென்னும் அதே அகதி வழியில் வந்தவர்தான். 2013 ஏலத்தில் 45 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. கைவேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் சிப்பியும் சுருளுமாக நெளியும் ரொகோகோ வேலைப்பாட்டில், எனக்குப் பாத்திரமே கண்ணில் படவில்லை.

எனக்குப் பிடித்தவை 1700ஐ ஒட்டி ஹியூகெனாட்டுகள் செய்த எளிய காபி பாட்கள். மூக்கு உடலோடு சேரும் இடத்தைக் கிட்டப்போய்ப் பாருங்கள்: தகட்டை இலை வடிவில் வெட்டி, பொடிவைத்து ஊதி ஒட்டியிருப்பார்கள். அழகுக்கு அழகு, இழுபடும் இடத்துக்குப் பலம். தகடும் கனம். கைப்பிடி மட்டும் மரம். வெள்ளி டம்ளரில் சூடான காபியைப் பிடித்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. 1697 முதல் 1720 வரை 92.5 சதவீத ஸ்டெர்லிங் போதாது, 95.8 சதவீத பிரிட்டானியா தரம் வேண்டும் என்பது சட்டம். அதனால் அந்தக் காலத்துக் காபி பாட்களில் வெள்ளியின் சுத்தமும் ஒரு படி கூடுதல்.

உள்ளூர்க்காரர்களுக்கு இந்த ஹியூகெனாட்டுகளைக் கண்டால் ஆகாது. 1711இல் லண்டன் பொற்கொல்லர்கள் மனுவே போட்டார்கள்: வந்தேறிகள் அடிமாட்டுக் கூலிக்கு வேலை செய்கிறார்கள், அவர்களால் நாங்களும் முன்பைவிட அதிக நேரமும் உழைப்பும் செலவழிக்க வேண்டியிருக்கிறது. இதைவிட நல்ல சான்றிதழ் யார் கொடுப்பார்கள்!

வாங்குகிற எண்ணமிருந்தால், உடலில் மட்டுமல்ல, மூடியிலும் வெள்ளியின் தர முத்திரை தேடுங்கள். பழைய பீர் குவளைக்குப் பிற்காலத்தில் மூக்கு வைத்துக் காபி பாட் ஆக்கியவையும் சந்தையில் உண்டு.