காக்ஸ் மாடலில் டிடி: பல வருடம் பயன்படுத்திய பிறகு ஒரு புலம்பல்

நண்பர் ஒருவர் கேட்டார்: "ப்ரொபோர்ஷனல் ஹஸார்டு டெஸ்ட்ல மாடல் ஃபெயில். டைம்-வேரியிங் கோவேரியேட் போட்டா சரியாயிடுமா?" அதாவது, ஒரு காரணி மரண அபாயத்தை எல்லாக் காலத்திலும் ஒரே விகிதத்தில் மாற்றுகிறது என்ற அனுமானம் பொய்த்துவிட்டது, நேரத்தோடு மதிப்பு மாறும் துணைமாறியைச் சேர்த்தால் சரியாகுமா என்கிறார். மரணம் போன்ற நிகழ்வு எவ்வளவு காலத்தில் வருகிறது, எது அதைப் பாதிக்கிறது என்று பார்க்கும் காக்ஸ் மாடலுக்காக, ஆர் மொழியின் சர்வைவல் (survival) தொகுப்போடு பல வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன். தலைப்பில் உள்ள டிடி (tt) அதிலுள்ள ஒரு வசதி. இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துகொண்டேதான் இருக்கிறது. இந்த முறை பதில் நீண்டுவிட்டதால் இங்கே எழுதுகிறேன்.

அவர் கேட்டது ஒன்று, அவருக்குத் தேவைப்படுவது வேறொன்று. கேட்டது மாறும் துணைமாறி, அதாவது மதிப்பே நேரத்தோடு மாறும் காரணி. தேவைப்படுவது மாறும் கெழு, அதாவது அந்தக் காரணியின் தாக்கத்தின் அளவு நேரத்தோடு மாறுவது. முதலாவதற்கு ஓர் உதாரணம்: ஸ்டான்ஃபோர்டு இதய மாற்றுத் தரவில் 103 பேர். அவர்களில் 69 பேருக்கு மாற்று இதயம் கிடைத்தது. இதயத்துக்காகக் காத்திருந்த நாட்களில் ஒருவர் 'மாற்று இல்லை' பக்கத்தில்தான் இருக்க வேண்டும், அறுவைக்குப் பிறகுதான் மறுபக்கம். முதல் நாளிலிருந்தே 'மாற்று பெற்றவர்' என்று எழுதினால், அறுவை வரை உயிரோடு இருந்த நாட்களும் சிகிச்சையின் பெருமையாகிவிடும். இங்கே மாறுவது துணைமாறியின் மதிப்பு, கெழு ஒன்றே. அதனால்தான் 103 பேர் 172 வரிகளாகப் பிரிகிறார்கள்.

வெட்டரன் நுரையீரல் புற்றுநோய்த் தரவு இதற்கு நேர் எதிர். 137 நோயாளிகள், தொடக்கத்தில் ஒரே ஒரு முறை எடுத்த கார்னோஃப்ஸ்கி மதிப்பெண் (நோயாளியால் அன்றாட வேலைகளை எந்த அளவுக்குச் செய்ய முடிகிறது என்று சொல்லும் எண்). அந்த எண் மாறுவதே இல்லை, அதன் வலுதான் தேய்கிறது. 90, 180 நாட்களில் வெட்டிப் பார்த்தால் முதல் பகுதியில் கெழு ஏறத்தாழ −0.049, அதற்குப் பிறகு பூஜ்யத்தை ஒட்டியே கிடக்கிறது. நண்பரின் டெஸ்ட் சொல்வது இந்த வகைச் சிக்கலை.

ஆனால் ஏன் தேய்கிறது என்று யாரும் கேட்பதில்லை, எனக்கு அதுதான் சுவாரஸ்யம். ஆறு மாதம் கழித்தும் முதல் நாள் மதிப்பெண்ணையே பிடித்துக்கொண்டிருந்தால் அது பழசாகிவிடாதா? இடையிடையே புதிதாக அளந்திருந்தால், அன்றைய மதிப்பெண்ணுக்குக் கடைசி வரை ஒரே கெழுவே போதுமாக இருந்திருக்கலாம். அதாவது மாறும் கெழு என்று நாம் காண்பது சில நேரம் அளக்காமல் விட்ட மாறும் துணைமாறியின் நிழல். வெட்டரன் தரவில் மறு அளவீடு இல்லை, எனவே அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. பிபிசி (PBC என்ற கல்லீரல் நோய்) தரவு போல, ரத்தத்தில் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமியைத் திரும்பத் திரும்ப அளந்த இடத்தில் சோதித்துப் பார்க்கலாம்.

சரி, தொகுப்புக்கு வருவோம். நண்பர் சொன்ன டெஸ்ட்டைச் செய்யும் காக்ஸ் இசட்பிஎச் (cox.zph) ஃபங்ஷன் வரையும் படம் இன்றும் அலுக்கவில்லை. புள்ளியியலாளர்கள் கிராம்ப்ஷும் தெர்னோவும் 1994-இல் காட்டிய வழி அது: ஷோன்ஃபெல்டு எச்சங்களை (ஒவ்வொரு மரணத்திலும், இறந்தவரின் மதிப்புக்கும் அப்போது மாடல் எதிர்பார்த்த சராசரிக்கும் உள்ள வித்தியாசம்) சரியாக அளவுமாற்றி, மாடல் தந்த கெழுவைக் கூட்டினால், நேரத்தோடு கெழு எப்படிப் போகிறது என்பதே கோடாக வந்து நிற்கும். பி-மதிப்பை மட்டும் பார்த்துப் படத்தைத் தவிர்ப்பவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும்.

அடுத்து டிடி. எழுத அவ்வளவு அழகு! மதிப்பெண்ணை லாக் நேரத்தால் பெருக்கும் ஒரு சின்ன ஃபங்ஷன் கொடுத்தால் போதும், மாறும் கெழு தயார். உள்ளே நடப்பதுதான் கொடுமை. ஒவ்வொரு மரண நேரத்துக்கும் அப்போது அபாயத்தில் இருக்கும் அத்தனை பேரையும் தனித்தனி வரியாக விரிக்கிறது. 10,000 பேர், 1,000 வெவ்வேறு மரண நேரங்கள் என்றால் வரிகள் ஒரு கோடியை நெருங்கக்கூடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மாடல் ஓடி முடிந்து சர்வைவல் வளைவு (எந்த நேரம் வரை உயிரோடிருக்க எவ்வளவு வாய்ப்பு என்று காட்டும் கோடு) கேட்டால், டிடி இருக்கிறது, முடியாது என்கிறது. இசட்பிஎச் கேட்டாலும் அதே பதில்.

தொடக்க மதிப்பும் மாறும் கெழுவும் இருந்தால் வளைவு வரைவதில் கணிதச் சிக்கல் எதுவும் இல்லை. சிக்கல் இருப்பது மாறும் துணைமாறியில்தான்: மூன்றாம் வருடத்து பிலிரூபின் ஒருவருக்கு இருக்கிறது என்றாலே அவர் மூன்றாம் வருடம் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். அதை வைத்து அவர் பிழைப்பாரா என்று வளைவு போடுவது என்ன நியாயம்? அதற்கு மட்டும் வளைவு தரும் சர்வ்ஃபிட் (survfit) ஃபங்ஷன் முகம் சுளிக்காமல் வரைந்து தருகிறது! நியாயமாகக் கேட்டால் மறுப்பு, சந்தேகமாகக் கேட்டால் உபசாரம்.

தொகுப்பை மட்டும் குறை சொல்வதும் சரியல்ல. டிடி எதற்கு என்று புரியாமல், மதிப்பெண்ணை நேரடியாகப் பின்தொடர் காலத்தால் பெருக்கி ஃபார்முலாவில் போடுபவர்கள் உண்டு. அப்போது எவ்வளவு நாள் வாழ்ந்தார் என்பதை வைத்தே எவ்வளவு நாள் வாழ்வார் என்று கணிப்பதாகிவிடும். பி-மதிப்பு பிரமாதமாக வரும், பொருள் இருக்காது. இன்னும் சிலர், ஒருவரின் காலத்தைப் பல வரிகளாகப் பிரிக்கும் சர்வ்ஸ்ப்ளிட் (survSplit) ஃபங்ஷனால் வரிகளை வெட்டிவிட்டு, பழைய ஃபார்முலாவையே ஓட்டுவார்கள். வெட்டுவதால் மட்டும் எதுவும் மாறாது, கெழு அப்படியே வரும். காலப் பகுதியோடு இன்டராக்‌ஷன் (மதிப்பெண்ணையும் காலப் பகுதியையும் பெருக்கிய உறுப்பு) சேர்த்தால்தான் வேலை நடக்கும். காலப் பகுதிக்குத் தனிக் கெழு வரவில்லையே என்று கவலை வேண்டாம், அடிப்படை ஹஸார்டு (எல்லோருக்கும் பொதுவாக, நேரத்தோடு மாறும் அபாயம்) அதை விழுங்கிவிடும்.

ஆகவே நண்பருக்குச் சொன்னது: முதலில் படத்தைப் பாருங்கள். கோடு ஓரிடத்தில் உடைந்தால் அங்கே சர்வ்ஸ்ப்ளிட். மெதுவாகச் சரிந்தால் எல்லா மரண நேரங்களிலும் வெட்டி, வரியின் முடிவு நேரத்தின் லாக்கால் பெருக்குங்கள். டிடி தரும் அதே எண் வரும், இசட்பிஎச்சும் மறுக்காது, வளைவும் கிடைக்கும். அதற்கு நியூடேட்டா (யாருக்கு வளைவு வேண்டும் என்று சொல்லும் அட்டவணை) கட்டுவதற்குள் அரை நாள் போய்விடும், அது தனிக் கதை.

தொகுப்புக்கு ஐந்துக்கு ஐந்து. டிடிக்கு இரண்டு, அதுவும் எழுத்தழகுக்காக. கேட்பவர்களிடம் எல்லாம் டிடி வேண்டாம் என்கிறேன். அப்புறம் என் வேலைக்கு உட்கார்ந்தால் விரல் தானாக டிடி என்றே தட்டுகிறது.