சிராலி: நீந்தத் தெரிந்த பிள்ளைகள் உள்ள குடும்பம் மறுபடி மறுபடி போகத் தகுந்த ஊர்

துருக்கியின் தென்கரையில், அந்தாலியா நகரத்துக்குத் தென்மேற்கே, மலைக்கும் கடலுக்கும் நடுவே ஆரஞ்சுத் தோப்புகளும் மாதுளைத் தோட்டங்களுமாக இருக்கும் ஊர் சிராலி. கடற்கரை மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளம். அவ்வளவு நீளத்திலும் மணலை ஒட்டி அடுக்குமாடி ஹோட்டல் ஒன்றுகூடக் கிடையாது. சுற்றிலும் 1972இல் அறிவிக்கப்பட்ட ஒலிம்போஸ் பேய்தாலாரி தேசியப் பூங்கா, கரையில் முட்டையிட வரும் கடலாமைகள், தென்முனையில் ஒலிம்போஸ் என்ற பழைய நகரத்தின் இடிபாடுகள். இந்த மூன்றும் சேர்ந்துதான் ஊரை இன்னும் ஊராக வைத்திருக்கின்றன. தங்குவதற்குத் தோப்புக்குள் மரவீடுகளும் குடும்பங்கள் நடத்தும் பான்சியோன் என்னும் சிறு விடுதிகளும் உண்டு. வந்த குடும்பமே அடுத்த ஆண்டும் அதே வீட்டைக் கேட்டு வருவது இங்கே சாதாரணம். ஆனால் எல்லாக் குடும்பத்துக்கும் இது பொருந்தாது.

காரணம் கடல்தான். மெத்தென்ற மணலை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு முதல் நாளே ஏமாற்றம். கரையில் பருமணலும் கூழாங்கல்லும் கலந்து கிடக்கும். அலை வந்து தொடும் பட்டையில் பெரும்பாலும் கல்தான். அதைத் தாண்டியதும் தரை சட்டென்று சரிந்து, பல இடங்களில் சில அடிகளிலேயே ஆழம் கூடிவிடும். நீந்தத் தெரிந்த பிள்ளைக்கு இதைவிட நல்ல கடல் கிடைப்பது அரிது. தண்ணீர் அத்தனை தெளிவு. கண்ணாடியும் மூச்சுக்குழலும் மாட்டினால் கல்லிடுக்கில் மீன் மேய்வது தெரியும். தத்தித் தத்தி நடக்கும் குழந்தை இருந்தால், அப்பாவோ அம்மாவோ ஒருவர் நாள் முழுக்க அதன் பின்னாலேயே நிற்க வேண்டிவரும். உயிர்காக்கும் ஆள் கரையில் இருப்பார் என்று நம்பி யாரையும் தண்ணீரில் விடாதீர்கள்.

ஆளுக்கொரு ஜோடி தண்ணீர்ச் செருப்பு கட்டாயம். ஊர்க் கடைகளில் கிடைக்கும், ஆனால் சின்ன அளவுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் வீட்டிலிருந்தே கொண்டுபோவது நல்லது. காலை இறுக்கிப் பிடிப்பதாக, குதிகாலில் பட்டை உள்ளதாக வாங்குங்கள். வளரும் பிள்ளைதானே என்று ஓர் அளவு பெரிதாக வாங்கினால் உள்ளே கல் புகுந்து தோல் உரியும், அலை இழுக்கும்போது கழன்றும் போகும். காற்றடைத்த மிதவைகளில் இன்னும் கவனம் வேண்டும். காலையில் மலையிலிருந்து கடலை நோக்கிக் காற்று இறங்கும் நேரங்களில், மிதவையில் படுத்திருக்கும் பிள்ளை சத்தமில்லாமல் வெளியே நகர்ந்துவிடும். மிதவையில் ஒரு கயிறு கட்டி, அதன் மறுமுனையைப் பெரியவர் ஒருவர் பிடித்திருப்பதே சரி. மிகச் சின்னக் குழந்தைகளுக்குத் தென்முனை பரவாயில்லை. ஒலிம்போஸ் பள்ளத்தாக்கிலிருந்து வரும் ஓடை அங்கே கடலில் சேர்கிறது. கோடையில் அது ஆழம் குறைந்து, குளிர்ந்து ஓடும்.

வழியில் ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. அந்தாலியா விமான நிலையத்திலிருந்து ஏறக்குறைய 85 கிலோமீட்டர். டி-400 சாலையில் கெமர், தெகிரோவா தாண்டி, சிராலி, யனார்த்தாஷ் என்ற பலகை வரும் இடத்தில் கடல் பக்கம் திரும்ப வேண்டும். அங்கிருந்து ஏழு கிலோமீட்டர் வளைந்து வளைந்து இறக்கம். வண்டியில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே மாத்திரை கொடுத்துவிடுங்கள். சிராலி பலகையைத் தவறவிட்டு, அடுத்து வரும் ஒலிம்போஸ் பலகையில் இறங்கினால் பக்கத்துப் பள்ளத்தாக்கில் போய் நிற்பீர்கள். இரண்டு ஊருக்கும் நடுவே இருப்பது இடிபாடுகளும் ஓடையும் நடைபாதையும்தான். கார் போக வழியில்லை. திரும்ப நெடுஞ்சாலைக்கு ஏறி, மறுபடி இறங்கித்தான் வரவேண்டும். வரைபடச் செயலியில் ‘ஒலிம்போஸ்’ என்று போடாமல், தங்குமிடத்தின் பெயரையே போடுங்கள்.

பேருந்தில் வருவதென்றால் அந்தாலியா பேருந்து நிலையத்தில் கும்லுஜா, ஃபினிகே பக்கம் போகும் வண்டியில் ஏறி, சிராலி பிரிவில் இறக்கிவிடச் சொல்லுங்கள். அங்கிருந்து டோல்முஷ் என்னும் சிறு பேருந்து கீழே போகும். ஆள் சேர்ந்தால்தான் அது கிளம்பும், இருட்டிய பின் நம்ப முடியாது. இரவு விமானத்தில் இறங்கும் குடும்பம் பான்சியோன்காரர்களிடமே வண்டி ஏற்பாடு செய்யச் சொல்வது மேல். குழந்தை இருக்கை வேண்டுமானால், பிள்ளையின் எடையோடு முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள். பணத்தைக் கெமரிலோ அந்தாலியாவிலோ எடுத்துக்கொண்டு வாருங்கள், சின்னக் கடைகளுக்குக் கையில் லிரா தேவைப்படும்.

ஊர் சமதரையாகவும் சின்னதாகவும் இருப்பதால் எங்கே தங்கினாலும் கடல் நடை தூரம்தான். ஆனாலும் வித்தியாசம் உண்டு. பாலத்தை ஒட்டிய நடுப்பகுதியில் கடைகளும் டோல்முஷ் நிறுத்தமும் இருப்பதால் வசதி அதிகம், சத்தமும் தூசியும் அதிகம். வடக்கே போகப் போக அமைதி, ஆனால் ஒரு பால் பொட்டலம் வாங்கவும் சைக்கிள் எடுக்க வேண்டும். சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், பிள்ளைகளைத் தனியாக ஓட்ட விடுவதற்கு ஏற்ற ஊர்தான். வார இறுதி மாலைகளில் மட்டும் கார்கள் கூடுகின்றன. முன்பு வந்தவர்களுக்குக் கண்ணில் படும் முதல் மாற்றம் அதுதான். இரண்டாவது, தோப்புகளுக்குள் நெருக்கமாக வந்துவிட்ட புதிய மரவீடுகள்.

மரவீட்டைப் பார்க்க அழகு. ஆனால் மரச்சுவர் மெல்லியது, வெயில் உள்ளே இறங்கும். ஜூலை, ஆகஸ்டில் குளிரூட்டி இல்லாத அறையை எடுக்கவே வேண்டாம். ஜன்னலில் கொசுவலை இருக்கிறதா என்று கேளுங்கள். தோப்புக்குப் பாய்ச்சும் தண்ணீரால் கொசு உண்டு. வெந்நீர் பல இடங்களில் கூரைமேல் சூரிய வெப்பத்தில் காய்வது. எல்லோரும் கடலிலிருந்து வந்து ஒரே நேரத்தில் குளித்தால் கடைசி ஆளுக்குப் பச்சைத் தண்ணீர்தான், அதனால் பிள்ளைகளை முதலில் குளிப்பாட்டிவிடுங்கள். கழிவறைக் காகிதத்தை உள்ளே போடாமல் பக்கத்துக் கூடையில் போட வேண்டும். குழாய்கள் குறுகலானவை, அடைத்துக்கொண்டால் வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் பொழுது வீண்.

இந்த ஊரின் உண்மையான சொந்தக்காரர் பெருந்தலை ஆமை. மே முதல் ஆகஸ்ட் வரை பெண் ஆமைகள் இரவில் கரையேறிக் குழி தோண்டி, ஒரு குழிக்கு நூறு முட்டை அளவில் இட்டு மூடிவிட்டுப் போகும். ஐம்பது, அறுபது நாளில் குஞ்சு பொரியும். ஜூலைக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை குஞ்சுகள் இரவில் மேலே வந்து, இருட்டுக் கரையைவிட வெளிச்சமாகத் தெரியும் கடலை நோக்கி ஓடும். கரையில் விளக்கு எரிந்தால் அதையே கடல் என்று நினைத்து ஊருக்குள் போகும், விடிந்ததும் வெயிலில் செத்துப்போகும். அதனால்தான் இரவில் கரையில் டார்ச், கைபேசி வெளிச்சம், நெருப்பு எதுவும் கூடாது என்ற விதி. கம்பிக்கூண்டு வைத்த இடமெல்லாம் முட்டைக்குழி. அதன் அருகில் குடைக்கம்பு நடக்கூடாது, துண்டு விரிக்கவும் கூடாது.

பிள்ளைகளுக்கு மறக்காமல் சொல்லவேண்டிய ஒன்று: பகலில் விளையாடத் தோண்டிய பள்ளத்தை மாலையில் மூடிவிட வேண்டும். குஞ்சு விழுந்தால் ஏறி வர முடியாது. குஞ்சைக் கண்டால் கையில் எடுத்துக் கடலில் விடுவதும் உதவி அல்ல. அது தானாக ஊர்ந்து போக வேண்டும். ஒதுங்கி, வெளிச்சமில்லாமல் நின்றால் போதும். அதிகாலையில் வெயில் ஏறுமுன் கரையோரம் நடந்தால், இரவு வந்துபோன தாய் ஆமையின் தடம் டிராக்டர் சக்கரம் உருண்டதுபோல் மணலில் பதிந்திருப்பதைக் காணலாம். பிள்ளைகளை அந்த நேரத்துக்கு எழுப்பிக் கூட்டிப்போவது வீண்போகாது.

யனார்த்தாஷுக்கு ஒரு மாலை ஒதுக்குங்கள். ஊரின் வடக்கே மலைச்சரிவில், பாறை வெடிப்புகளிலிருந்து தானாக எரியும் தீ. குறைந்தது இரண்டாயிரம் ஆண்டுகளாக எரிகிறது. பாறைக்கு அடியில் உண்டாகும் மீத்தேன் வெடிப்பு வழியாக வந்து எரிகிறது. கொஞ்சம் ஹைட்ரஜனும் அதில் கலந்திருக்கிறது. கீழ்வாசலில் சீட்டு வாங்கி, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் கல்படி ஏற வேண்டும். பெரியவருக்கு இருபது, முப்பது நிமிடம், சின்னப் பிள்ளைகளோடு முக்கால் மணி நேரம். சூரியன் மறைவதற்கு அரைமணி முன்னால் மேலே போய்ச் சேர்ந்தால், பழைய கோயிலின் இடிந்த சுவரை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, இருட்டத் தொடங்கியதும் தீயைப் பார்க்கலாம். நடுப்பகலில் போனால் தீயே சரியாகத் தெரியாது, வெயில்தான் மிச்சம். படிகள் ஒரே உயரமாக இல்லை, இறங்கும்போதுதான் கால் பிசகும். தலையில் கட்டும் விளக்கு ஆளுக்கொன்று, மூடிய காலணி, தலைக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர். தீயைச் சுற்றிய பாறையும் சுடும். பிள்ளைகள் அதன்மேல் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒலிம்போஸுக்குக் கரை வழியாகவே நடந்து போகலாம். பழங்காலத்தில் இந்தக் கரைப்பகுதிக்கு லிசியா என்று பெயர். லிசிய நகரங்களின் கூட்டமைப்பில் மூன்று வாக்குகள் பெற்றிருந்த ஆறு பெரிய நகரங்களில் இதுவும் ஒன்று. ஓடை முகத்துக்கு அருகே எவ்தெமோஸ் என்ற கப்பல் தலைவனின் கல்சவப்பெட்டியில் கப்பல் செதுக்கியிருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிப்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். காலையில் இடிபாடுகளின் நுழைவாயில் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள், மரநிழலும் ஓடைத் தண்ணீரும் அப்போதுதான் சுகம்.

சாப்பாட்டில் காலைதான் சிறப்பு. வெள்ளைப் பாலாடைக்கட்டி, ஆலிவ், தக்காளி, வெள்ளரி, தேன், தோப்பு ஆரஞ்சில் காய்ச்சிய ஜாம், சுடச்சுட முட்டை. பெரும்பாலும் வாடகையிலேயே அடக்கம். சைவக்காரர்கள் கீரையோ உருளைக்கிழங்கோ வைத்த கோஸ்லெமே என்னும் மெல்லிய ரொட்டி, ஆலிவ் எண்ணெயில் சமைத்து ஆறவைத்த காய்கள் என்று ஓட்டலாம். பருப்பு சூப்பில் மட்டும் இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கடலோர உணவகங்களில் மீன் எடைக்கணக்கு. மீனைத் தேர்ந்ததும் நிறுக்கச் சொல்லி, விலையைக் கேட்டுவிட்டுப் பிறகு சமைக்கச் சொன்னால் பில் வரும்போது மனக்கசப்பு இல்லை. நெடுஞ்சாலைப் பக்கம் உலுபினாரில், ஓடும் தண்ணீருக்கு மேல் மேடை போட்டு ட்ரவுட் மீன் பரிமாறுகிறார்கள். கடும் வெயில் நாளில் மதியத்துக்கு அங்கே ஏறிவிடுவது நல்ல யோசனை.

மே மாதத்தில் ஊர் பச்சைப் பசேல், கடல் இன்னும் குளிர். ஜூன் முதல் பாதியும், செப்டம்பரிலிருந்து அக்டோபர் நடு வரையும் சிறந்த காலம். கடல் அக்டோபரிலும் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை துருக்கிப் பள்ளிகளுக்கு விடுமுறை, கூட்டமும் வாடகையும் ஏறும். ஈத் விடுமுறை நாட்கள் ஆண்டுதோறும் சுமார் பதினொரு நாள் முன்னே நகர்வதால், தேதி பார்க்காமல் சீட்டு எடுக்காதீர்கள். லிராவின் மதிப்பு மாறிக்கொண்டே இருப்பதால் போன ஆண்டு வாடகையை வைத்துக் கணக்குப் போட முடியாது. பல இடங்களில் யூரோவில்தான் சொல்கிறார்கள்.

பிடித்த மரவீடு அமைந்துவிட்டால், கிளம்பும் நாளிலேயே அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த ஆண்டுக்கு வாய்மொழியாகச் சொல்லிவையுங்கள். குளிர்காலம் முடிவதற்குள் எழுதி உறுதிசெய்து, முன்பணம் எவ்வளவு, வர முடியாமல் போனால் திருப்பித் தருவார்களா, கூடுதல் கட்டில் அதே அறையிலா தனி அறையிலா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.