சாம் சிஎல்ஐ: நான்கு வருடமும் ஒரு பழைய சாவியும்

அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில், சர்வர் பராமரிக்காமல் கோடு ஓட்டும் சேவை லாம்டா. நான்கு வருடமாக என் லாம்டா வேலைகள் எல்லாவற்றையும் ஏடபிள்யூஎஸ் சாம் சிஎல்ஐ என்ற டெர்மினல் டூல் வழியாகத்தான் டிப்ளாய் செய்கிறேன், அதாவது கிளவுடில் ஏற்றுகிறேன். டூல் நல்ல டூல், குறை இல்லை. நான் சொல்ல வந்தது அதற்குக் கொடுக்கும் சாவியைப் பற்றி.

முதல் நாள் சுலபம். ஐஏஎம்மில் (யாருக்கு என்ன அனுமதி என்று ஏடபிள்யூஎஸ் வைத்திருக்கும் பகுதி) ஒரு யூசர், அதற்கு ஒரு ஆக்சஸ் கீ (ஒரு ஐடியும் ஒரு சீக்ரெட் கீயும் சேர்ந்த ஜோடி), டெர்மினலில் ‘ஏடபிள்யூஎஸ் கான்ஃபிகர்’ அடித்தால் நான்கு கேள்வி, முடிந்தது. சீக்ரெட் கீ ஒரே ஒரு தடவைதான் திரையில் தெரியும். எடுத்து வைக்காமல் டேபை மூடினால் போச்சு, புதுக் கீதான். ஒரு யூசருக்கு இரண்டு கீ வரைதான் அனுமதி. என்ன கஞ்சத்தனம் என்று நினைத்தேன், பழைய கீயை ஓடவிட்டபடியே புதியதற்கு மாறும்போதுதான் இரண்டாவது எதற்கென்று புரிந்தது.

என்னைக் கவிழ்த்தது வேறு. ஒரு கிளையன்ட் வேலை முடிந்து அடுத்ததற்குப் போனபோது கீகளை வைத்திருக்கும் கிரெடென்ஷியல்ஸ் ஃபைலில் புதுக் கீயைப் போட்டு டிப்ளாய் கொடுத்தேன். எல்லாம் பச்சையாக முடிந்தது, புதுக் கிளையன்ட்டின் கன்சோலில் (ஏடபிள்யூஎஸ் வெப் பக்கம்) போய்ப் பார்த்தால் ஸ்டாக்கே, அதாவது நான் ஏற்றிய தொகுப்பே, இல்லை. ரீஜன், அதாவது டேட்டா சென்டர் இருக்கும் பகுதி, மாறிவிட்டதோ என்று மும்பை, சிங்கப்பூர், வர்ஜீனியா என ஒரு மணி நேரம் சுற்றிய பிறகுதான் பொறி தட்டியது: டெர்மினல் திறக்கும்போதெல்லாம் ஓடும் பாஷ்ஆர்சி ஃபைலில், என்விரான்மென்ட் வேரியபிளாக என்றைக்கோ நானே எக்ஸ்போர்ட் செய்து வைத்த பழைய கிளையன்ட்டின் கீ. ஃபைலில் என்ன எழுதியிருந்தாலும், என்விரான்மென்ட் வேரியபிளில் கீ இருந்தால் அதற்குத்தான் முதல் மரியாதை. ஸ்டாக் பழைய கிளையன்ட்டின் அக்கவுண்ட்டில் போய் உட்கார்ந்திருக்கிறது! வேலை முடிந்தும் அந்தக் கீயை அவர்களும் முடக்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. போன் போட்டு அசடு வழியச் சொல்லி அழித்தேன்.

அதிலிருந்து டிப்ளாய்க்கு முன்னால் ‘எஸ்டிஎஸ் கெட் காலர் ஐடென்டிட்டி’ (இப்போது யாராக உள்ளே இருக்கிறேன் என்று சொல்லும் கட்டளை) அடித்து, வருகிற 12 இலக்க அக்கவுண்ட் எண்ணைக் கண்ணால் பார்க்காமல் என்டர் தட்டுவதில்லை. அப்புறம், ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் தனிப் பெயரில் செட்டிங் வைத்தால், ரீஜன் போன்றவை இருக்கும் கான்ஃபிக் ஃபைலில் அந்தப் பெயருக்கு முன்னால் ‘புரொஃபைல்’ என்ற சொல் வேண்டும், கிரெடென்ஷியல்ஸ் ஃபைலில் கூடாது. இது என் அரை நாளைத் தின்றது.

இப்போது நிரந்தரக் கீக்குப் பதில் எஸ்எஸ்ஓ (ஒற்றை உள்நுழைவு) லாகின். பிரவுசரில் ஒப்புதல் கொடுத்தால் தற்காலிகக் கீ, நேரமானால் தானே செத்துவிடும். மும்முரமாக வேலை செய்யும்போது காலாவதியானால் எரிச்சல்தான், ஆனாலும் சரி. நிரந்தரக் கீ என்று மிச்சம் இருப்பது, கோடைத் தானாகக் கட்டி ஏற்றும் பில்ட் சர்வரில் ஒன்று. அதையும், கீயைச் சேமிக்காமல் தற்காலிக அனுமதி வாங்கும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் ஓஐடிசிக்கு மாற்றப்போகிறேன் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.