பேக்கேஜ் பேசிப் புத்தகம் போடுகிறவர்கள் ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

சொந்தமாக ஒரு நாவலை எழுதி முடித்துவிட்டு, "நாங்களே எல்லாம் செய்து தருகிறோம்" என்று பேக்கேஜ் பேசும் கம்பெனியைத் தேடிப் போகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஈரோடு, கோவை, திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள், ஏனென்றால் என்னை ஏமாற்றியவர்கள் இந்த வட்டாரத்தில்தான் ஆள் பிடிக்கிறார்கள். பெயரை எழுதவில்லை. புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது, முடியும்வரை எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பணம் போனதுகூட ஒரு பக்கம். நான் உருவாக்கிய கதாநாயகனையே தங்களுடையது என்று சொன்னார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

நான் பவானிக்காரன். நாவலின் பெயர் 'ஜமக்காளச் சூரன்'. குழித்தறியில் ஜமக்காளம் நெய்யும் மாரப்பன் என்பவர் ஆடி அமாவாசையன்று கூடுதுறையில் முழுகி எழுந்திருக்கும்போது அவருக்கு அபார சக்தி வந்துவிடுகிறது. லாரியைத் தூக்குவார், ஆகாயத்தில் பறப்பார். முதுகில் கட்டிக்கொள்வது அவரே நெய்த ஜமக்காளம். பவானி ஜமக்காளம் என்ன கனம் இருக்கும் என்று விரித்துப் படுத்தவர்களுக்குத் தெரியும். அது மழையில் நனைந்துவிட்டால் மாரப்பனால் தென்னை மர உயரத்துக்கு மேல் போக முடியாது. கதையின் சிரிப்பில் பாதி இதில் இருக்கிறது, மீதிப் பாதி அவர் பேச்சில். எதிரியாகவே இருந்தாலும் 'ங்க' போடாமல் பேசமாட்டார். காளிங்கராயன் வாய்க்காலில் சாயத்தண்ணியைத் திறந்துவிடும் வில்லனிடம், "கொஞ்சம் அக்கட்டால நவுருங்க, ஒரே ஒரு குத்து வுட்டுக்கறனுங்க" என்று கேட்டுவிட்டுத்தான் அடிப்பார். இந்த ஊர் மரியாதையை வைத்துக்கொண்டு ஒரு சூப்பர் ஹீரோ என்ன பாடுபடுவான் என்பதுதான் நாவலே. வேலை முடிந்து வந்து ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதியது.

ஃபேஸ்புக் விளம்பரம் பார்த்து அவர்கள் ஆபீஸுக்குப் போனேன். நன்றாகத்தான் பேசினார்கள். பிழை திருத்தம், லேஅவுட், அட்டைப்படம், டெமி சைஸில் 300 பிரதி, ஈரோடு புத்தகத் திருவிழாவில் ஸ்டால், அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் நூலக ஆணைக்கு ஏற்பாடு, எல்லாம் சேர்த்து 48,000 ரூபாய் என்று ஒரு தாளில் தமிழில் அடித்துக் கொடுத்தார்கள். பாதி முன்பணம் கட்டி ரசீது வாங்கினேன். அதற்கப்புறம்தான் ஒவ்வொரு கட்டணமாக முளைத்தது.

ஐஎஸ்பிஎன், அதாவது ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனியாகக் கொடுக்கும் அடையாள எண், அதற்கு 3,500 கேட்டார்கள். ஐஎஸ்பிஎன் இந்தியாவில் இலவசம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இருக்கும் ராஜா ராம்மோகன் ராய் முகமை கொடுக்கிறது, எழுதியவரே இணையத்தில் தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். காப்பிரைட் பதிவுக்கு 7,500 என்றார்கள். கதை, நாவல் போன்ற இலக்கியப் படைப்புக்கு அரசாங்கக் கட்டணம் 500 ரூபாய். அந்தப் பதிவும் கட்டாயமில்லை, நீங்கள் எழுதிய மாத்திரத்திலேயே உரிமை உங்களுடையது. கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப 2,000 என்றார்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி ஆகிய நான்கு இடத்துக்கும் பதிப்பாளர் தன் சொந்தச் செலவில் அனுப்ப வேண்டும். எழுத்தாளரிடம் அதற்குக் காசு கேட்பதே தப்பு.

கடைசியாக வந்ததுதான் எனக்கு அதிக ஆத்திரம். 'சூப்பர் ஹீரோ' என்ற சொல் இரண்டு அமெரிக்கக் கம்பெனிகளின் டிரேட்மார்க்காம், நாவலில் அந்தச் சொல் வருவதால் "கிளியரன்ஸ்" வாங்க 6,000 ரூபாயாம். வாங்காவிட்டால் அந்தக் கம்பெனிகள் கேஸ் போட்டுவிடுவார்கள் என்று பயமுறுத்தினார்கள். உண்மை என்ன தெரியுமா? மார்வெலும் டிசியும் அந்தச் சொல்லைக் கூட்டாக அமெரிக்காவில் பதிவு செய்து வைத்திருந்தது நிஜம். ஒரு சின்ன காமிக்ஸ் நிறுவனம் அதை எதிர்த்து மனுப் போட, இருவரும் பதிலே தாக்கல் செய்யாததால் 2024 செப்டம்பரில் அந்தப் பதிவுகள் அங்கேயே ரத்தாகிவிட்டன. எப்படிப் பார்த்தாலும், பவானிக் கதையில் ஒருவரை ஒருவர் "நீங்க சூப்பர் ஹீரோங்களா?" என்று கேட்பதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. கவனமாக இருக்க வேண்டியது வேறு இடத்தில்: அவர்களுடைய பாத்திரப் பெயர், உடை, நெஞ்சுச் சின்னம் இவற்றைத் தொடக்கூடாது.

இத்தனையும் வாங்கிக்கொண்டு அட்டையில் என்ன போட்டார்கள்? கோடு கோடாக இருக்கும் எங்கள் வீட்டு ஜமக்காளத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தேன். அட்டையில் நீல உடுப்பு, சிவப்பு அங்கி, பின்னால் கண்ணாடிக் கட்டடங்கள், நெஞ்சில் ஐங்கோணத்துக்குள் ஒரு எழுத்து. அது யாருடைய சின்னம் என்று எல்.கே.ஜி. பிள்ளை சொல்லும். இல்லாத பயத்துக்கு என்னிடம் காசு வாங்கியவர்கள், நிஜமாகவே வம்பு வரக்கூடியதை அட்டையிலேயே அச்சடித்தார்கள்.

உள்ளே இன்னும் மோசம். பிழை திருத்தியவர் கொங்குப் பேச்சு அத்தனையையும் பிழை என்று எடுத்துக்கொண்டுவிட்டார். மேலே சொன்ன வசனம் "சற்று விலகி நில்லுங்கள், நான் ஒரு முறை குத்த வேண்டும்" என்று ஆகியிருந்தது. 'ஒறம்பரை' எல்லாம் விருந்தினர். 'வெசனம்' எல்லாம் கவலை. மாரப்பனின் ஆத்தா செய்தி வாசிப்பவர் மாதிரி பேசுகிறார். அப்புறம் எழுத்துரு. நான் யூனிகோடில் அடித்துக் கொடுத்ததை அவர்களுடைய பழைய எழுத்துருவுக்கு மாற்றியதில், 'ஜ' வருகிற இடத்திலெல்லாம் வெறும் கட்டம் விழுந்திருந்தது. நாவலின் பெயரே 'ஜ'வில் தொடங்குகிறது. ஜமக்காளம் என்ற சொல் இல்லாத பக்கம் இந்த நாவலில் குறைவு. பிடிஎஃப் வந்ததும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குறித்து அனுப்பினேன். "பாத்துக்கறோங்க சார்" என்று பதில் வந்தது. அச்சுக்குப் போனது திருத்தாத பழைய ஃபைல்.

புத்தகத் திருவிழாவில் அவர்களுக்கு ஸ்டாலே இல்லை. வேறொரு கடையின் மூலையில், பஞ்சாங்கக் கட்டுக்குக் கீழே என் புத்தகங்கள் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. "இது யாரு வெச்சதுங்ணா, எங்களுக்குத் தெரியாதுங்களே" என்றார் அந்தக் கடைத் தம்பி. அவர் மேல் தப்பில்லை, பாவம், அவரே கத்தரி கொண்டுவந்து கயிற்றை அறுத்துக் கொடுத்தார். மேலே இருந்த பிரதியைப் புரட்டினால் 80ஆம் பக்கத்துக்கு அப்புறம் மறுபடியும் 65 வருகிறது. 65 முதல் 80 வரை இரண்டு தடவை, 81 முதல் 96 வரை காணோம். பைண்டிங்கில் ஒரு ஃபாரம், அதாவது பதினாறு பக்கம், மாறி விழுந்திருக்கிறது. மாரப்பன் முதன்முதலாகப் பறக்கிற அத்தியாயம் அதில்தான் இருந்தது. அடுத்த பிரதியும் அப்படியே. நல்ல பிரதியும் இருந்தன, ஆனால் எது நல்லது என்று ஒவ்வொன்றையும் புரட்டித்தான் பிரிக்க வேண்டியிருந்தது. 300 பிரதி என்று பேசியதில் என் கைக்கு வந்தது நூறுகூட இல்லை. மீதி "ஆர்டர் வர வர அடிப்போம்" என்றார்கள். நூலக ஆணையைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றினார்கள். எந்தப் புத்தகத்தை வாங்குவது என்று முடிவு செய்வது அரசாங்கத்தின் பொது நூலகத் துறை. எந்தத் தனியார் கம்பெனியும் அதற்கு உத்தரவாதம் கொடுக்க முடியாது, கொடுத்தால் நம்பாதீர்கள்.

சரி, அச்சுதான் இப்படி ஆயிற்று, மின்னூலையாவது நாமே ஏற்றுவோம் என்று அமேசானின் கேடிபி தளத்துக்குப் போனேன். 2016 டிசம்பரிலிருந்தே அங்கே தமிழ் மின்னூல் எடுத்துக்கொள்கிறார்கள், ஏற்றுவதற்குக் கட்டணம் கிடையாது. போய்ப் பார்த்தால் என் நாவல் ஏற்கெனவே அங்கே விற்பனையில் இருக்கிறது. அதே அட்டை, அதே கட்டங்கள். ஏற்றியது அவர்கள் கணக்கில், ராயல்டி போவது அவர்கள் வங்கிக்கு. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போனில் கேட்டதற்கு வந்த பதில்:

"ரைட்ஸ் எங்ககிட்டத்தானுங்க சார் இருக்குது. ரசீதுலயே போட்டிருக்குதுங்களே. ரெண்டாம் பாகம் எழுதினாலும் எங்ககிட்டத்தான் போடணும்ங்க, வேற பக்கம் போட்டா நோட்டீஸ் வரும்."

ரசீதைத் திருப்பினால் பின்பக்கத்தில் எறும்பு மாதிரி ஆங்கில எழுத்து. நூலும் அதன் கதைமாந்தரும், தொடர்ச்சிகளும், ஒலிநூலும், சினிமாவும், எல்லா மொழிகளிலும் எல்லா நாடுகளிலும் என்றென்றைக்கும் பதிப்பகத்துக்கே சொந்தம் என்று அச்சடித்திருக்கிறார்கள். என்னிடமே பணம் வாங்கி, என் செலவில் அச்சடித்து, மாரப்பனையும் அவர்களே வைத்துக்கொள்வார்களாம்! சூப்பர் ஹீரோ கதையில் சொத்தே அந்தப் பாத்திரம்தான். அடுத்த பாகம், படக்கதை, நாளைக்கு யாராவது வெப் சீரீஸ் கேட்டால் அது, எல்லாம் அந்த ஒரு ஆள் முதுகில்தான் நிற்கிறது.

ஈரோட்டில் ஒரு வக்கீலிடம் காட்டினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்கும் பயன்படும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதானால் எழுத்தில் இருக்க வேண்டும், உரிமையாளர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். என் ரசீதில் இருப்பது அவர்கள் கேஷியரின் கையெழுத்து மட்டும். ஆகவே அந்தப் பின்பக்கம் செல்லாது. கையெழுத்துப் போட்டே கொடுத்தாலும், எத்தனை வருடம் என்று எழுதவில்லையென்றால் ஐந்து வருடம் என்றுதான் கணக்கு. எந்த நாடு என்று எழுதவில்லையென்றால் இந்தியா மட்டும்தான். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அது போய்விடும். ஆசிரியர் காலத்துக்குப் பிறகும் 60 வருடம் நிற்கக்கூடிய சொத்து இது. ஆனால் ஒன்று: "என்றென்றைக்கும், எல்லா நாட்டுக்கும்" என்று எழுதிய தாளில் நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டால் மீட்பது பெரும்பாடு. இதே கம்பெனி இப்போது புதிதாக வருகிறவர்களிடம் முத்திரைத்தாளில் அதே வாசகத்தை அடித்துக் கையெழுத்து வாங்குவதாகக் கேள்விப்பட்டேன். இந்தப் பதிவை இப்போதே எழுதுவது அதனால்தான்.

அமேசானுக்குப் பதிப்புரிமைப் புகார் அனுப்பினேன். கையெழுத்துப் பிரதியின் தேதியுள்ள ஃபைல்கள், அவர்களுக்கு அனுப்பிய மெயில், அந்தப் பேக்கேஜ் தாள், ரசீதின் இரண்டு பக்கம் எல்லாம் இணைத்தேன். நூலை எடுத்துவிட்டார்கள். அதுவரை எத்தனை விற்றது என்ற கணக்கு எனக்கு வரவேயில்லை.

பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் காசு வாங்குகிறவர் வேலை செய்து கொடுக்கும் ஆள், அச்சாபீஸ் மாதிரி. அவருக்குக் கூலி உண்டு, உரிமை கிடையாது. உரிமை கேட்கிறவர் தன் காசைப் போட்டு அச்சடித்து உங்களுக்கு ராயல்டி கொடுக்க வேண்டும். இரண்டையும் ஒருவரே கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஐஎஸ்பிஎன்னை உங்கள் பெயரில் எடுங்கள். அவர்கள் பெயரில் எடுத்தால் பதிவில் பதிப்பாளர் அவர்கள்தான், பிரிந்து வந்து போடும்போது புது எண் வாங்க வேண்டும். அச்சுக்கு விலை கேட்கும்போது எத்தனை பக்கம், தாளின் கனம் எத்தனை ஜிஎஸ்எம், அட்டைக்கு என்ன போர்டு, தைத்த பைண்டிங்கா வெறும் பசையா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சிவகாசியிலும் கோவையிலும் நேராக அச்சாபீஸிலேயே விசாரித்தால் விலை வித்தியாசம் உங்களுக்கே தெரியும். கடைசி ஃபைலை அச்சுக்கு அனுப்பும் முன் ஒரே ஒரு பிரதி அடித்துக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். வட்டாரப் பேச்சில் எழுதியிருந்தால், மெய்ப்புப் பார்க்கிறவர் அந்தப் பேச்சு தெரிந்தவராக இருக்கட்டும். லேஅவுட் ஃபைலும் அட்டை ஃபைலும் உங்களுக்கு வந்தபிறகே கடைசித் தவணை.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு முதலில் பேசுங்கள். மாவட்ட ஆணையத்தில் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், அவர்கள் ஆபீஸ் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். "நீங்க வியாபாரத்துக்காகப் புத்தகம் போட்டீங்க, நீங்க நுகர்வோரே இல்லை" என்று எதிர்த்தரப்பு வாதாடுகிறது, அதற்கும் தயாராகப் போங்கள். வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள்.

திருத்திய பதிப்பை நானே கொண்டுவருகிறேன், மாரப்பன் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். பழைய பதிப்பைக் காசு கொடுத்து வாங்கி, அதில் 81 முதல் 96 வரை இல்லாதவர்கள் 80ஆம் பக்கத்துக்கு அடுத்து 65 வருகிற இடத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், விடுபட்ட பக்கங்களை உடனே அனுப்பிவைக்கிறேன், புதுப் பதிப்பு வந்ததும் அதுவும் வரும். இதே மாதிரி ரசீது உங்களிடமும் இருந்தால் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள். அடுத்த விசாரணைக்கு முன் நான்கைந்து பேருடையது சேர்ந்தால் வக்கீலுக்கு வேலை எளிது.